கடலில் ஏது தந்திக் கம்பம்?

களத்துல நெல்லைக் காயப்போட்டுட்டு, சாயங்காலம் மழை வருமான்னு போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்போ நியூயார்க் பனிப்புயல் கதை ஞாபகம் வந்துச்சு.

1888 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அங்கே குளிர்காலம் முடியப்போற நேரம், மழைதான் பெய்தது. நள்ளிரவு தாண்டியதும் அது பனியாக மாறியது. நம்ம மார்கழிப் பனி இல்லீங்க, ஆள் உயரத்துக்குக் குவியுற பனி.

அன்றைக்கு அமெரிக்காவில் வானிலை சொன்னது ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவு. ஊர் ஊராக இருந்த நிலையங்கள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் தந்தியில் அனுப்பும். அதை வரைபடத்தில் குறித்துப் புயலின் வழியைக் கணிப்பார்கள். நிலத்தின் மேல் வரும் புயலுக்கு அது போதும். இதுவோ அட்லாண்டிக் கரையோரம் கடல்மேல் பெருத்தது. கடலில் ஏது தந்திக் கம்பம்?

திங்கள் காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினவங்க வழியிலேயே மாட்டிக்கிட்டாங்க. ஒருநாள் கூலி போனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? நியூயார்க் நகரத்தில் மட்டும் சுமார் 200 பேர், மொத்தம் 400 பேர் செத்தார்கள். கம்பிகள் அறுந்து விழுந்ததால், பக்கத்தில் இருக்கும் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே செய்தி லண்டனைச் சுற்றி, கடலடிக் கேபிள் வழியாகப் போனது.

1891-ல் வானிலைப் பணியை ராணுவத்திடமிருந்து எடுத்து விவசாயத் துறைக்குக் கொடுத்தார்கள். இந்தப் புயல் மட்டுமே அதுக்குக் காரணம் இல்லை. ஆனாலும் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

1993 மார்ச்சில் அதே கரையில் இன்னொரு பெரும்புயல். இந்தத் தடவை செயற்கைக்கோளும் கம்ப்யூட்டரும் இருந்தன. சுமார் 5 நாள் முன்னாடியே எச்சரிக்கை வந்தது. சில மாநிலங்கள் பனி விழும் முன்பே அவசரநிலை அறிவித்தன. அப்படியும் தெற்கே ஃப்ளோரிடாவில் கடல் ஊருக்குள் அவ்வளவு ஏறும்னு கணிக்க முடியலை.

என் போன் மழை இல்லைன்னு சொல்லுது. தார்ப்பாயைக் களத்தோரம் எடுத்து வச்சுட்டுத்தான் இதை எழுதுறேன்.