அழகு ஊசிக்குப் பின் தோலில் ஏற்படும் சிக்கல்கள்

உதடு, கன்னம், மூக்கு ஆகியவற்றில் ஃபில்லர் ஊசி செலுத்திக்கொண்டபின் சிறிது வீக்கமும் கன்றலும் இயல்பானவை. சில நாட்களில் தணியும். ஆனால் தோல் வெளுத்தல், வலைபோன்ற நீலத் திட்டுகள், தணியாத வலி ஆகியவை இரத்தக் குழாய் அடைபட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சை தாமதமானால் தோல் அழுகி, நீங்காத தழும்பு உண்டாகும். பனிக்கட்டி ஒத்தடம் கூடாது. பார்வை மங்கினால் உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.

செலுத்தப்பட்டது ஹயலூரானிக் அமிலமாயின், அதனைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்தை மருத்துவர் அவ்விடத்திலேயே செலுத்துவார். மீண்டும் மீண்டும் தேவைப்படலாம். பிற ஃபில்லர்களை இம்மருந்து கரைக்காது. ஆகவே மருந்துப் பெட்டியையோ அதன் படத்தையோ தவறாமல் கொண்டுவாருங்கள்.

சில வாரங்கள் கழித்துக் கட்டியோ சீழோ தோன்றுவது வேறுவகை. தூய்மையற்ற ஊசியாலும் நீராலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்த நுண்கிருமிகள் புகுந்திருக்கலாம். ஒரு வார மாத்திரையில் இவை அடங்கா. சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்து, உரிய மருந்தைப் பல மாதங்கள் உட்கொள்ள நேரிடலாம். பிதுக்குதலும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் நிலையை மோசமாக்கும்.

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பகுதியினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். தேவைப்படின் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். திருமணத்திற்கு முன் அழகு நிலையத்தில் ஊசி போட்டதை வீட்டாருக்கு அஞ்சி மறைத்து, ‘ஏதோ ஒவ்வாமை’ என்று மட்டும் கூறுவோர் உளர். மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். எப்போது, எங்கே, எந்த மருந்து செலுத்தப்பட்டது என்பதை அவரிடம் கூறுங்கள்.