மெக்கானிக் சொன்னதும் தலையாட்டலாமா? கார் பழுதுபார்ப்பில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஞ்சின் ஆயில் மாற்றத்தான் காரை வொர்க்‌ஷாப்பில் விட்டீர்கள். ஒரு மணி நேரத்தில் கைப்பேசி ஒலிக்கிறது.

"பிரேக் பேட் தேஞ்சு போச்சு, பேட்டரியும் வீக். எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி வரும். செஞ்சிடவா?"

நீங்கள் வேலையிடத்தில் இருக்கிறீர்கள். காரைப் பார்க்கவும் முடியாது. "சரி" என்று சொல்லும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தவறு எப்படி நடக்கிறது?

எல்லாமே ஏமாற்று வேலை அல்ல. சில நேரம் அவசரக் கணிப்புதான் காரணம்.

'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தால் மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்திப் பார்ப்பார். அதில் ஒரு குறியீடு வரும். எந்தப் பகுதியில் கோளாறு என்பதற்கு அது ஒரு துப்பு மட்டுமே. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை.

உதாரணத்துக்கு, பி0420 என்ற குறியீடு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதை அது காட்டுகிறது. ஆனால் ஆக்சிஜன் சென்சர் கெட்டிருந்தாலும், புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே குறியீடு வரலாம். சோதிக்காமல் கன்வெர்ட்டரை மாற்றினால் காசும் போகும், விளக்கும் மறுபடி எரியும்.

என்ன கேட்கலாம்?

● "அளந்து பாத்தீங்களா?" புதிய பிரேக் பேட் பொதுவாகச் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சுமார் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

● "பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுது?" எஞ்சின் ஓடாதபோது, முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது வழக்கமாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அப்படி ஏறவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் புதுப் பேட்டரியும் படுத்துவிடும்.

● "படம் அனுப்புங்க, பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீங்க." நேர்மையான வொர்க்‌ஷாப் இதற்குத் தயங்காது.

● "பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு?" தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை.

சந்தேகமா? இன்னொரு வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். முதலில் பார்த்தவர் சொன்னதை அங்கே சொல்ல வேண்டாம். காரில் என்ன தொல்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

பிரேக், ஆயில் அழுத்தம், எஞ்சின் சூடு ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்கு எரிந்தாலோ, 'செக் எஞ்சின்' விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ காரைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். அந்த நிலையில் காரை ஓட்டிக்கொண்டு அடுத்த வொர்க்‌ஷாப்பைத் தேட வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டம் 2004இல் நடப்புக்கு வந்தது. தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வது அதன்கீழ் நியாயமற்ற செயல். சொன்ன மதிப்பீட்டைவிட மிக அதிகமாக, உங்கள் சம்மதம் இல்லாமல் கட்டணம் கேட்பதும் அப்படித்தான்.

ஏற்கெனவே காசு கட்டியாச்சா?

முதலில் ரசீது, குறுஞ்செய்திகள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இன்னொரு மெக்கானிக் கண்டுபிடித்ததை எழுத்தில் வாங்குங்கள். பிறகு முதல் வொர்க்‌ஷாப்பிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.

பதில் திருப்தி தரவில்லையா? 'கேஸ்' எனும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கடுத்து சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். 2 ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும்.

அடுத்த முறை அந்த அழைப்பு வந்தால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. "படமும் விலையும் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்." அது போதும்.