எஞ்சினியரிங்குக்கு 'டெக்னாலஜி' என்ற வால் முளைத்த கதை

பி.காம். படிக்கிறவனுக்கு எஞ்சினியரிங் பட்டத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள், தயவுசெய்து பாதி வரையாவது படித்துவிட்டுக் கேளுங்கள். :-)

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடும் நண்பனின் தம்பிக்கு வந்த சந்தேகம் இது. ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டியலில் 'மெக்கானிக்கல் எஞ்சினியரிங்' என்று ஒன்று இருக்கிறது, 'மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டெக்னாலஜி' என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் நான்கு வருடம். இரண்டும் பி.எஸ். பட்டம். சேர்க்கை ஏஜெண்ட், "ரெண்டும் ஒண்ணுதாம்பா, நம்ம ஊரு பி.ஈ., பி.டெக். மாதிரி" என்று சொல்லிவிட்டாராம்.

நம்ம ஊரில் அது சரி. கிண்டியில் பி.ஈ., ஐ.ஐ.டி.யில் பி.டெக். வேலைக்கோ மேற்படிப்புக்கோ அந்த இரண்டு எழுத்தை வைத்து யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்த வால் சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. அதற்குத் தனிப் பாடத்திட்டம், தனி அங்கீகாரம். சில மாநிலங்களில் அந்தப் பட்டத்தை வைத்து எஞ்சினியர் உரிமமே வாங்க முடியாது. எப்படி இப்படி ஆயிற்று என்று தேடப் போனால், நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எஞ்சினியர் ஆகக் கல்லூரி கட்டாயமில்லை. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கடைசல் இயந்திரத்தில் கை பழகி, வரைபடம் போடக் கற்றுக்கொண்டு மேலே வருவதுதான் வழக்கம். 1862இல் மொரில் சட்டம் வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கி, அதை விற்ற பணத்தில் விவசாயமும் இயந்திரக் கலையும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. அதன் பிறகுதான் கல்லூரி எஞ்சினியர்கள் கும்பலாக வெளியே வர ஆரம்பித்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு இவர்கள் மேல் பெரிய மரியாதை இல்லை. சூத்திரம் தெரியும், சுத்தியல் பிடிக்கத் தெரியாது என்பது அவர்கள் கட்சி. கணக்குப் போடாமல் எத்தனை நாளைக்குக் கண் மதிப்பில் பாய்லர் செய்வீர்கள் என்பது கல்லூரிக்காரர்கள் கட்சி. வரலாற்றாசிரியர்கள் இதைப் பட்டறைப் பண்பாடு, பள்ளிப் பண்பாடு என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

நம் மேலாண்மைப் பாடத்தில் முதல் யூனிட்டிலேயே ஒருவர் வருவாரே, எஃப்.டபிள்யூ. டெய்லர், அவர் இந்த இரண்டு பண்பாட்டிலும் காலை வைத்தவர். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறிவிட்டுப் போகாமல், 1874இல் பிலடெல்பியாவில் ஒரு பம்பு தயாரிக்கும் கம்பெனியில் தொழில் பழகச் சேர்ந்தார். 1878இல் மிட்வேல் உருக்காலை. அங்கே வேலை பார்த்துக்கொண்டே ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 1883இல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பட்டம் வாங்கினார். கையில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதற்கு முன் அந்தக் கை கடைசல் பிடித்த கை. பாடப் புத்தகத்தில் ஐந்து மார்க்குக்கு 'அறிவியல் மேலாண்மையின் தந்தை' என்று மனப்பாடம் செய்கிறோம், இந்தப் பட்டறைக் கதையை யாரும் சொல்வதில்லை.

எனக்கு டெய்லரைவிடப் பிடித்தவர் கேட் க்ளீசன். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். அங்கே இவருடைய அப்பா இயந்திரக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். சின்ன வயதிலேயே அப்பாவின் பட்டறையில் கணக்கு எழுதப் போனார் (ஆமாம், நம்ம ஆளு!). 1884இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரக் கலை படிக்கச் சேர்ந்தார். அந்தப் படிப்பில் அங்கே சேர்ந்த முதல் பெண். கம்பெனிக்குப் பணக் கஷ்டம் வந்ததால், படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் பல்சக்கரம் வெட்டும் இயந்திரங்களை ஊர் ஊராகப் போய் விற்று, 1890களில் ஐரோப்பா வரை போய் ஆர்டர் பிடித்து வந்தார். 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தகுதி பெற்ற முதல் பெண்ணும் இவர்தான். பிறகு ஒரு வங்கிக்குத் தலைவராகவும் இருந்தார்.

அதே ராச்செஸ்டரில் 1885இல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கண்ணாடி, லென்ஸ் கம்பெனி பாஷ் அண்ட் லோம்ப் இருக்கிறதே, அதன் ஹென்றி லோம்ப்தான் முன்னின்றார். தொழிற்சாலைகளுக்கு வரைபடம் போடத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அதற்கான வகுப்பு. பட்டமெல்லாம் கிடையாது. இதுதான் பின்னாளில் ராச்செஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ஆனது. இன்று அங்கே எஞ்சினியரிங் கல்லூரி தனி, எஞ்சினியரிங் டெக்னாலஜி கல்லூரி தனி. எஞ்சினியரிங் கல்லூரிக்கு 1998இல் வைத்த பெயர் கேட் க்ளீசன். பட்டறையில் வளர்ந்து, பட்டமே வாங்காத பெண்ணின் பெயர், சூத்திரம் படிக்கிறவர்களின் கட்டடத்தில்!

சரி, கதைக்கு வருவோம். 1920களில் வில்லியம் விக்கெண்டன் என்பவர் தலைமையில் எஞ்சினியரிங் கல்வியைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. உயர்நிலைப் பள்ளிக்கும் நான்கு வருட எஞ்சினியரிங் கல்லூரிக்கும் நடுவே ஓர் ஓட்டை இருப்பதும், அதை அடைக்க இரண்டு வருடத் தொழில்நுட்ப நிலையங்கள் வேண்டியிருப்பதும் அதில் தெரிந்தது. நம்ம ஊர் பாலிடெக்னிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1932இல் கல்லூரிகளுக்குத் தரம் பார்க்க ஈ.சி.பி.டி. என்ற மன்றம் அமைந்தது. 1936இல் எஞ்சினியரிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1946இல், தொழில்நுட்ப நிலையங்களையும் பார்க்க ஆரம்பித்தது. இதுவரை சண்டை ஒன்றுமில்லை. இரண்டு வருடம் இரண்டு வருடம்தான், நான்கு வருடம் நான்கு வருடம்தான்.

குழப்பத்தைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். ராடார், அணுகுண்டு என்று பெரிய வேலைகள் நடந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் இயற்பியல்காரர்கள். பல எஞ்சினியர்கள் பின்வரிசையில். மின்காந்தம், க்வாண்டம் என்று பேச்சு போகும்போது, வரைபடமும் நில அளவையும் படித்தவர்களால் கூடவே ஓட முடியவில்லை. போர் முடிந்ததும் எஞ்சினியரிங் பேராசிரியர்களுக்கு இது பெரிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

1952இல் எஞ்சினியரிங் கல்விக்கான அமெரிக்கச் சங்கம் ஒரு குழு போட்டது. தலைவர் லிண்டன் கிரிண்டர். குழுவின் ஆரம்ப அறிக்கை 1953இல் ஒரு யோசனை சொன்னது. எஞ்சினியரிங் படிப்பை இரண்டு கிளையாகப் பிரிக்கலாம். ஒன்று பொதுவானது, தொழிற்சாலை, உற்பத்தி, நிர்வாகம் பக்கம் போகிறவர்களுக்கு. இன்னொன்று அறிவியல் சார்ந்தது, ஆராய்ச்சி பக்கம் போகிறவர்களுக்கு. என்னைக் கேட்டால் அது நேர்மையான யோசனை. ஆனால் கல்லூரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாக வைத்தால் ஒன்று ஒஸ்தி, இன்னொன்று மட்டம் என்று ஆகிவிடும், எந்தக் கல்லூரி 'எங்களுடையது மட்டம்' என்று போர்டு மாட்டிக்கொள்ளும்?

ஆகவே 1955இல் வந்த இறுதி அறிக்கையில் பிரிவினை காணாமல் போனது. எல்லோரும் அறிவியல் பக்கமே போகலாம் என்று ஆனது. திடப்பொருள் இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வெப்பமும் பொருளும் கடந்துசெல்லும் முறைகள், மின்னியல் கோட்பாடு, பொருள்களின் தன்மை என்று ஆறு 'எஞ்சினியரிங் அறிவியல்'களை எல்லோருக்கும் அடிப்படையாக வைத்தார்கள். 1957 அக்டோபரில் சோவியத் ஸ்புட்னிக்கை ஏவியதும் கேட்க வேண்டுமா! அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் கொட்ட ஆரம்பித்தது. பட்டறை வகுப்பு, வரைபடம், நில அளவை எல்லாம் பாடத்திட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுருங்கின.

தொழிற்சாலைக்காரனுக்கு இதனால் என்ன நஷ்டம்? அவனுக்கு வேண்டியது சமன்பாடு வருவிக்கிறவன் மட்டுமில்லை. இயந்திரம் நின்றால் போய்ப் பார்க்கிறவனும், வரைபடத்தைப் பார்த்து 'இதை இப்படி வார்க்க முடியாது' என்று சொல்கிறவனும் வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு வருடத் தொழில்நுட்பப் படிப்புகள் மெல்ல நீண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தன. இரண்டு வருடம் முடித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருடம் சேர்த்து இளநிலைப் பட்டம் கொடுத்தார்கள். பர்டியூ பல்கலைக்கழகம் 1964இல் டெக்னாலஜிக்கென்று தனிப் பள்ளி தொடங்கியது. 1967இல் ஈ.சி.பி.டி. நான்கு வருட எஞ்சினியரிங் டெக்னாலஜி பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரே பெயரில் இரண்டு கிளை வேண்டாம் என்று 1955இல் தள்ளிவிட்டது, வேறு பெயரில் பன்னிரண்டே வருடத்தில் உள்ளே வந்துவிட்டது. ஈ.சி.பி.டி.தான் 1980இல் ஏபெட் என்று பெயர் மாறியது. அதில் இன்றைக்கும் இரண்டு படிப்புக்கும் இரண்டு தனித்தனி ஆணையங்கள்.

பாடத்தில் என்ன வித்தியாசம்? எஞ்சினியரிங் மாணவன் முதல் இரண்டு வருடம் கால்குலஸ், பல மாறிகளில் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு, கால்குலஸை வைத்து நடத்தும் இயற்பியல் என்று கணக்கிலேயே கிடப்பான். துறைப் பாடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். டெக்னாலஜி மாணவன் முதல் செமஸ்டரிலேயே ஆய்வகத்துக்குள் போய்விடுவான். கணக்கு இயற்கணிதம், முக்கோணவியலில் தொடங்கி, பட்டம் முடிப்பதற்குள் ஓரளவு கால்குலஸ் வரை போகும். ஒரு விட்டத்தின் மேல் பாரம் ஏற்றினால் எவ்வளவு வளையும் என்பது கேள்வி என்று வையுங்கள். முதலாமவன் சமன்பாட்டை வருவித்துத் தீர்ப்பான். இரண்டாமவன் கையேட்டிலிருந்து சூத்திரத்தை எடுத்து, எந்த அளவு இரும்பு போதும் என்று தேர்ந்தெடுத்து, ஆய்வகத்தில் பாரத்தை ஏற்றி, டயல் கேஜில் வளைவை அளந்து பார்ப்பான். நம்ம பாஷையில் சொன்னால் ஒருவனுக்கு அக்கவுண்டிங் தியரி, இன்னொருவனுக்கு டேலி. ஆனால் இந்த உவமை பாதிதான் பொருந்தும். டெக்னாலஜி மாணவனும் கடைசி வருடம் முழு டிசைன் புராஜெக்ட் செய்தாக வேண்டும்.

வேலை விஷயத்தில் கதை வேறு. அமெரிக்க தேசிய எஞ்சினியரிங் அகாடமி 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த வித்தியாசமே தெரியாத முதலாளிகள் நிறைய. தெரிந்தவர்களிலும் பலர் இரண்டு பட்டக்காரர்களையும் ஒரே வேலைக்கு எடுக்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சினியரிங்கைவிட டெக்னாலஜி படிப்பில் கறுப்பின மாணவர்களின் விகிதமும், வயது கூடி வந்து படிக்கிறவர்களின் விகிதமும் அதிகம். 1953இல் 'ஒஸ்தி, மட்டம்' என்று எதற்குப் பயந்தார்களோ, அதை இந்த வரியோடு சேர்த்துப் படித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

உரிமம்தான் நிஜமாகவே கடிக்கிற இடம். அங்கே எஞ்சினியர் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க மாநில வாரியத்தின் உரிமம் வேண்டும். பட்டம், ஒரு அடிப்படைத் தேர்வு, பொதுவாக நான்கு வருட அனுபவம், பிறகு இன்னொரு தேர்வு. டெக்னாலஜி பட்டம் வைத்திருந்தால் சில மாநிலங்கள் கூடுதல் வருட அனுபவம் கேட்கும். சில மாநிலங்கள் கதவையே சாத்திவிடும். நாடுகளுக்கிடையிலும் இதே கோடுதான். எஞ்சினியரிங் பட்டங்களை ஒருவருக்கொருவர் மதிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தம் 1989இல் வந்தது, இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது. டெக்னாலஜி பட்டங்களுக்கு 2001இல் வந்த சிட்னி ஒப்பந்தம் தனி.

ஈழத்து நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. இலங்கையில் 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கி, அதிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இரண்டுமே கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன.

விண்ணப்பம் போடுகிறவர்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், ஏபெட்டின் எந்த ஆணையம் அங்கீகரித்தது என்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. உள்ளே போய்ப் பிறகு எஞ்சினியரிங்குக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கணக்கும் இயற்பியலும் எத்தனை கிரெடிட் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அந்த இரண்டையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். ஒரு வருடக் கட்டணம், டாலரில்.