விடுதலையும் விளைநிலமும்

தனிமனித உரிமையும், ஏழை எளியோர்பால் சமுதாயத்திற்குள்ள கடமையும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று எண்ணுவோர் பலர். ஒன்றை வளர்த்தால் மற்றொன்று தேயும் என்பது அவர்தம் கருத்து. நம் முன்னோரின் நில வரலாற்றை ஆராயின் இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பது இனிது விளங்கும்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை முறைக்கு நீதிமன்றங்களில் இடமில்லை என்று அறிவித்தது. அன்று தொட்டு, ஏட்டளவில், நம்மவர் உரிமை பெற்ற மக்களாயினர். விரும்பிய இடத்தில் விரும்பிய கூலிக்கு உழைக்க எவர் தடையும் இல்லை. ஆனால், அவ்வுரிமையைக் கொண்டு அவர்கள் செய்யக்கூடியது யாது? உழ நிலமில்லை; குடியிருந்த மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலியை உயர்த்திக் கேட்டவன் குடிசையை இழந்தான். பட்ட கடனுக்காகப் பண்ணையாளாகவும் படியாளாகவும் காலங்கழித்தான். பசித்த வயிற்றோடு நிற்பவனுக்குச் சட்டம் தந்த விடுதலை, பூட்டிய வீட்டின் திறவுகோலைக் காட்டிவிட்டுக் கையில் கொடாதது போன்றதே.

இந்நிலையை 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். தரிசு நிலத்திற்கு ஏழை உழவன் தர்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற வழக்கத்தை அவர் வெளிப்படுத்தினார். பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாசன சபையை நிறுவியதும் அதே ஆண்டில்தான். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. பின்னர் வழங்கப்பட்ட இந்நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. இவற்றின் பரப்பு 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறுவர்.

இவ்வொப்படையில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்தாண்டுகள் வரை நிலத்தை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது. மீறினால் அரசு நிலத்தைத் திரும்பப் பெறலாம். தன் நிலத்தைத் தான் விற்கத் தடையா, இது தனிமனித உரிமையைப் பறிப்பதன்றோ என்று வினவலாம். நியாயமான வினாவே. மகளின் திருமணத்திற்கோ, நோய்ப்பட்ட தாயின் மருத்துவத்திற்கோ பணம் தேடும் உழவனுக்கு இத்தடை சுமையாகவே தோன்றும். ஆயினும் வலியவனும் எளியவனும் எதிரெதிரே அமர்ந்து செய்யும் விற்பனையில், எளியவனின் ஒப்புதல் பெரும்பாலும் அவன் வறுமையின் ஒப்புதலே. ஒருநாள் விற்கும் உரிமையைக் கட்டுப்படுத்தி, தலைமுறைதோறும் தலைநிமிர்ந்து வாழும் உரிமையைக் காத்தது அந்நிபந்தனை.

அவ்வாறிருந்தும் நிலங்கள் பெருமளவில் கைமாறின. காரணம், தடை இருந்தது, துணை இல்லை. ஏரும் மாடும் வாங்கப் பணமில்லை; குறைந்த வட்டிக்குக் கடனில்லை; பத்திரத்தைப் படித்துப் பார்க்கக் கல்வியில்லை. கைநாட்டு வைத்த இடத்தில் காணி போயிற்று. மீட்கப் போராடியோர் உயிரும் ஈந்தனர். காரணை நிலப் போராட்டத்தின்போது 1994இல் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டை நாம் மறத்தலாகாது.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிருணய சபைக்கென எழுதிய அறிக்கையில் இச்சிக்கலையே ஆராய்ந்தார். அரசு ஒதுங்கி நின்றால் விளையும் உரிமை, நிலக்கிழாருக்கும் முதலாளிக்குமே உரியதாகிவிடும் என்று காட்டி, வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும் என்றார். அது முழுமையாக ஏற்கப்படவில்லை. எனினும் நலிந்த பிரிவினரைச் சுரண்டலினின்று காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு கூறுகிறது. கர்நாடக மாநிலம் இத்தகைய நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்க 1978இல் சட்டம் இயற்றியது. நிலத்தை வாங்கியோர் தம் சொத்துரிமை பறிபோவதாக வழக்காடினர். 1984இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

உரிமை என்பது விதை. சமுதாயப் பொறுப்பு என்பது நீர். நீரின்றி விதை முளையாது. விதையின்றிப் பாய்ச்சும் நீரும் வீணே. கல்வி பெற்ற நம் இளைஞர்கள் பட்டாவையும் அடங்கலையும் படித்தறிதல் வேண்டும். தம் ஊரில் பஞ்சமி நிலம் எது, இன்று எவர் கையில் உள்ளது என்று கிராமக் கணக்கை நோக்கி அறிதல் வேண்டும். அன்று எழுத்தறியாமையால் இழந்ததை இன்று எழுத்தறிவால் மீட்போமாக.