செந்தூல் பட்டறையும் தமிழ்ப்பள்ளி விஞ்ஞானமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானப் பயிற்சி முயற்சிகளைப் பாராட்ட முற்படுவோர், கருவியோடும் இயந்திரத்தோடும் பரிச்சயமே இல்லாத ஒரு சமூகத்துக்கு அவை புதிதாக அறிமுகம் செய்யப்படுவதாகவே பெரும்பாலும் எழுதிவிடுகின்றனர். பால்மரத்தைத் தவிர வேறொன்றையும் அறியாதவன் மலாயாத் தமிழன் என்னும் இச்சித்திரம் தோட்டத்துக்கு ஒருவாறு பொருந்தலாம். கோலாலம்பூரின் செந்தூலுக்குச் சற்றும் பொருந்தாது.

1901 இல் ஒன்றாக்கப்பட்ட ஐக்கிய மலாய் நாடுகளின் இரயில்வே, அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தன் மத்தியப் பட்டறையைச் செந்தூலில் அமைத்தது. நீராவி இஞ்சின்களைப் பிரித்துப் பழுது நீக்குவதும், பிரயாணிகள் பெட்டிகளைக் கட்டி முடிப்பதும் அங்கு அன்றாடம் நிகழ்ந்த காரியங்கள். 1945 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நேசநாட்டு விமானங்கள் கோலாலம்பூருக்கு வந்து குண்டு வீசியது இப்பட்டறையைக் குறிவைத்தே என்பதிலிருந்து அதன் முக்கியத்துவத்தை ஊகித்துக்கொள்ளலாம். கடல் கடந்து வந்த தமிழர் பலர் இங்கே உலைக்கருகிலும் கடைசல் இயந்திரத்துக்கருகிலும் நின்று, ஏட்டின் துணையின்றி உலோகத்தின் குணங்களைக் கற்றனர். ஒரு தண்டு தாங்கியில் பொருந்தியதா இல்லையா என்பதை நிர்ணயிக்க அவர்களுக்குப் பரீட்சாதிகாரி தேவைப்படவில்லை, இரும்பே நிர்ணயித்தது. பொருந்தாவிடில் மீண்டும் அரத்தை எடுக்கவேண்டியதுதான்.

இந்தப் பிரத்தியட்ச ஞானம் அதே வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் ஏன் நுழையவில்லை என்பதே ஆராயத்தக்க வினா. காலனி ஆட்சி எழுதுபவனையும் உழைப்பவனையும் வெவ்வேறு சம்பளத்தில் மட்டுமல்லாமல் வெவ்வேறு குடியிருப்பிலும் வைத்தது. ஆங்கிலம் கற்று வந்த யாழ்ப்பாணத்தவர் இரயில்வேயின் குமாஸ்தா உத்தியோகங்களை வகித்துப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ, பட்டறைத் தொழிலாளர் செந்தூலின் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். கையில் மசகெண்ணெய் படிந்த தகப்பன், மகனாவது கிராணியாக வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. அவ்விருப்பத்தைக் குறைகூறுவது நியாயமுமன்று. ஆயினும், பாடசாலை என்பது பட்டறையிலிருந்து தப்பும் வழி என்ற எண்ணம் அதனால் நிலைபெற்றுவிட்டது. செந்தூல் தமிழ்ப்பள்ளியொன்று தாங்கி நிற்கும் தம்புசாமி பிள்ளையின் பெயரை ஆலயத் திருப்பணியோடு மட்டுமே நாம் சேர்த்து நினைப்பதும் இம்மனப்பான்மையின் விளைவே. 1894 ஆம் ஆண்டளவில் சுரங்க அதிபர் லோக் இயூவோடு கூடி ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் இறைப்பு இயந்திரங்களை இயக்கியவரும் அவரே.

அஸ்தி என்று வழங்கும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளில் நடத்திவரும் அறிவியல் விழாவை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடவேண்டும். பள்ளி, மாநிலம், தேசியம் என்ற படிகளில் மாணவர் குழுக்கள் தாமே பரிசோதனை செய்து, தாமே விளக்கிக் காட்டும் இவ்விழா, பார்வையாளராக இருந்த பிள்ளைகளைச் செய்பவராக்கிற்று. இதன் நன்மையை மறுப்பார் இலர். என் ஐயம் போட்டி என்னும் அதன் வடிவத்தைப் பற்றியது. பரிசுக்காக நிகழும் பரிசோதனை பொய்த்துப்போகத் துணிவதில்லை; முன்னரே விடை தெரிந்த சோதனையைத் தேர்ந்து, ஆசிரியர் ஒத்திகை பார்த்து, நடுவர்முன் பிசகின்றி ஒப்புவிக்கும் பழக்கம் வளருமாயின், இரும்பு வகித்த ஸ்தானத்தை நடுவர் வகித்துவிடுகிறார்.

இந்தியாவின் அனுபவம் இங்கு உபயோகமானது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், விழாவையோ பரிசையோ நம்பாமல், அன்றாட வகுப்பையே பரிசோதனையாக மாற்றியது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைக்க அனுமதித்து, செய்முறைக்கும் மதிப்பெண் வழங்கியது. மூன்று தசாப்தங்கள் நடந்த அத்திட்டத்தை 2002 இல் மாநில அரசு நிறுத்தியது உண்மையே. எனினும், மதிப்பிடும் முறை மாறாதவரை கற்பிக்கும் முறை மாறாது என்பதை அது ஐயமற நிறுவிற்று. மலேசியாவிலும் எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப்பள்ளித் தேர்வின் செய்முறைப் பரீட்சை 1999 இல் பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கு வழிவிட்டு, 2021 ஆம் ஆண்டுத் தேர்வில் தனித்தாளாக மீண்டும் வந்திருப்பது, அவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டதன் அறிகுறி என்றே நான் கொள்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2003 முதல் சில ஆண்டுகள் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் அவ்விதியின்கீழ் இருந்தன. செய்து பார்த்ததைச் சொல்ல முயலும் பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டு மொழியே முதற் கருவி, "ஏன் இப்படி ஆயிற்று?" என்ற கேள்வி தமிழில் எழுந்தால் அதற்கான விடையும் முதலில் தமிழிலேயே தடுமாறி வரட்டும். ஆங்கிலச் சொற்கள் பின்னர் வந்து சேர நெடுங்காலம் ஆகாது.

செந்தூலின் பழைய இரயில்வே நிலத்தில் இன்று பூங்காவும், அங்கிருந்த பழைய கட்டடமொன்றைத் தழுவி 2005 இல் திறக்கப்பட்ட நிகழ்கலை மையமும் உள்ளன. கலைக்கு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சியே. கைத்தொழிலைக் கற்பிக்க ஓர் அறைகூட அங்கு ஒதுக்கப்படாதது மட்டும் உறுத்துகிறது. வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்து, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு பட்டறையொன்றை நடத்துவது பெருஞ்செலவுள்ள காரியமன்று: சில பிடிப்பான்கள், அரங்கள், மின்கம்பிகள், அளவுகோல்கள், ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் ஆகியவை ஆரம்பத்துக்குப் போதும். விழாவுக்குச் செல்லும் குழுக்கள் அங்கே தமக்குப் பொய்த்துப்போன முயற்சிகளைத் தேதியிட்டு எழுதிய குறிப்பேட்டையும் சமர்ப்பிக்கவேண்டும் என்றும், மதிப்பெண்ணில் ஒரு பாதி அதற்கே உரியது என்றும் விதி செய்தால், ஒத்திகைக்கு அவசியமே இராது.