நேரு ஸ்டேடியத்தில் அலி, எட்டு மாதம் கழித்து லாஸ் வேகாஸில் அலி

2024 நவம்பரில் மைக் டைசன் 58 வயதில் மறுபடி ரிங்குக்குள் இறங்குகிறார் என்றதும், பாண்டிச்சேரியில் என் பழைய காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப் சூடாகிவிட்டது. "ஒரே குத்து மச்சான், அந்தப் பையன் காலி" என்று முக்கால்வாசிப் பேர். டைசன் புள்ளிகளில் தோற்பார் என்று நான் போட்டேன். அப்படித்தான் ஆனது. இது ஜோசியம் இல்லீங்க. ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் வீரர் திரும்பி வரும்போது எதைப் பார்க்கணும், எதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு 1980-ஆம் வருஷமே ஒரு பாடப்புத்தகம். அதன் முதல் அத்தியாயம் நம்ம பக்கத்து மெட்ராஸில் நடந்தது.

1978 செப்டம்பர் 15 அன்று நியூ ஆர்லியன்ஸில் லியோன் ஸ்பிங்க்ஸைத் தோற்கடித்து மூன்றாம் முறையாகப் பட்டம் வாங்கினார் முகம்மது அலி. அடுத்த வருஷம் ஓய்வை அறிவித்தார். 1980 ஜனவரியில் இந்தியா வந்தபோது அவர் 'முன்னாள்' சாம்பியன். டெல்லியில் நம் ராணுவ வீரர் கவுர் சிங்கோடு ஒரு காட்சிப் போட்டி. மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு இன்னொன்று. எல்லிஸ் சும்மா ஆள் இல்லை. அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், ஒருகாலத்தில் டபிள்யூ.பி.ஏ. சாம்பியன், அலியின் பயிற்சிக் கூட்டாளி. 1971-இல் இருவரும் நிஜமாகவே மோதி, 12-ஆவது ரவுண்டில் அலி ஜெயித்திருக்கிறார். ஆனால் மெட்ராஸில் அவர்கள் ஆடியது விளையாட்டு. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று போஸ்டர் ஒட்டிய வடசென்னைக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால் காட்சிப் போட்டி என்பது டெமோ. டெமோவில் எல்லா சாஃப்ட்வேரும் அழகாக ஓடும். ப்ரொடக்ஷனில் லோடு ஏறும்போதுதான் யார் என்னவென்று தெரியும்.

மெட்ராஸில் எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த ஜனவரியில்தான் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்கு வெறும் 2 கிடைத்திருந்தது. பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதத் தேர்தலில் 129 இடங்களோடு திரும்பி வந்தார். படத்தில் இருக்கும் இரண்டு பேருமே அந்த வருஷம் திரும்பி வர முயன்றவர்கள். அரசியலில் 63 வயது ஒரு தடையே இல்லை. ரிங்கில் 38 வயது வேறு விஷயம்.

1980 தொடக்கத்தில் அலியின் எடை 115 கிலோவை ஒட்டி இருந்தது. அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோத வந்தபோது 99 கிலோவுக்கும் குறைவு. 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தியபோது இருந்த எடைக்கும் இதற்கும் அரைக் கிலோதான் வித்தியாசம்! நரைக்குச் சாயமும் பூசியாச்சு. பழைய அலி வந்துட்டார்னு ஊரே நம்பியதில் ஆச்சரியமில்லை.

அந்த எடை எப்படிக் குறைந்தது என்பதுதான் விஷயம். தைராய்டு மாத்திரை. டாக்டர் சொன்ன அளவை விடக் கூடுதலாகவே போட்டுக்கொண்டார். அது எடையோடு சேர்த்து உடம்பின் தண்ணீரையும் தெம்பையும் உறிஞ்சிவிடும், அதுவும் நெவாடா வெக்கையில். இதற்கு முன்பே ஜூலையில் மேயோ கிளினிக்கில் பரிசோதனை நடந்தது. விரல்களில் மரமரப்பு, ஒற்றைக் காலில் குதிப்பதில் தடுமாற்றம் என்று அறிக்கையில் குறிப்புகள் இருந்தன. முடிவுரையில் மட்டும் 'சண்டை போடத் தடையில்லை'. லாகில் பத்து வார்னிங் இருந்தும் பில்ட் பச்சையாக வந்தால் அனுப்பிவிடுவோமே, அது மாதிரி. அலிக்கு 80 லட்சம் டாலர் பேசப்பட்டிருந்த சண்டை. வார்னிங்கை யார் படிக்கப் போகிறார்கள்?

எதிரே நின்றவர் 30 வயது ஹோம்ஸ். 35 சண்டை, 35 வெற்றி. அதைவிட முக்கியம், அவர் பல வருஷம் அலியின் பயிற்சிக் கூட்டாளியாக இருந்தவர். அலியின் எந்தத் தந்திரமும் அவருக்குப் புதிது கிடையாது. பத்து ரவுண்டு. மூன்று நடுவர்களும் ஒரு ரவுண்டைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பதினோராவது தொடங்குமுன் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்திவிட்டார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

தோல்விக்கு மாத்திரைதான் காரணம் என்று அலி தரப்பில் பிறகு சொன்னார்கள். ஓரளவு உண்மை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது, கடைசி நிஜச் சண்டைக்கும் இதற்கும் நடுவில் இருந்த இரண்டு வருஷ வெற்றிடம். டெல்லி, மெட்ராஸ் மாதிரி டெமோக்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பாது. அலியே இதற்கு முன்பு சரியான வழியில் திரும்பி வந்தவர்தான். மூன்றரை வருஷத் தடைக்குப் பின் 1970-இல் முதலில் ஜெர்ரி குவாரியை வென்றார், அடுத்து இன்னொரு சண்டை, அதன் பிறகே ஃப்ரேசியர். அப்படியும் ஃப்ரேசியரிடம் தோற்றார். அப்போது வயது 29!

"ஃபோர்மேன் ஜெயிக்கலையா?" என்று கேட்பீர்கள். ஜெயித்தார், 1994-இல், 45 வயதில், மைக்கேல் மூரரை பத்தாவது ரவுண்டில் சாய்த்து. ஆனால் அவர் திரும்பி வந்தது 1987-இல். பெயர் தெரியாத ஆட்களோடெல்லாம் மோதி, கேலிப் பேச்சு வாங்கி, படிப்படியாக ஏறியவர். இன்னொன்று, அவர் நம்பியது குத்தின் கனத்தை. அது வயதானாலும் சீக்கிரம் போகாது. அலி நம்பியது கால்களை. முதலில் போவது அதுதான். 1950-இல் எசார்ட் சார்ல்ஸோடு மோதித் தோற்ற ஜோ லூயிஸுக்கும் இடைவெளி இரண்டு வருஷத்துக்கு மேல், நடுவில் காட்சிப் போட்டிகள் மட்டுமே. அலியின் ஆட்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது.

'சார்பட்டா பரம்பரை'யில் கபிலன் தொப்பையைக் கரைத்துவிட்டு வந்து ஜெயிப்பான். படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் டிரெய்னிங் மாண்டேஜில் கரைவது வயிறு மட்டும்தான், வாங்கிய அடி கரையாது.

ஹோம்ஸ் சண்டையோடு அலி நிறுத்தவில்லை. 1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு மோதினார். அமெரிக்காவில் லைசென்ஸ் கிடைப்பதே சந்தேகமாகியிருந்த நேரம். பத்து ரவுண்டு, புள்ளிகளில் தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் என்று டாக்டர்கள் பெயர் வைத்தார்கள். பெயர்தான் 1984-இல் வந்தது; விரல் மரமரப்பு 1980 ஜூலை அறிக்கையிலேயே இருக்கிறது.