விளையாட்டரங்கில் எழுந்த பேரிசை

என் அலமாரியில் நன்னூல் உரைப் பிரதி ஒன்று இருக்கின்றது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் வாங்கியது. எங்கள் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்துள்ள இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் அதனை இரவல் வாங்கிச் சென்றார். மறுநாளே புன்முறுவலுடன் திரும்பி வந்து, பெயரியல் தொடங்கும் பக்கத்தில் அடையாளத்திற்காக நான் செருகி வைத்திருந்த பழைய நுழைவுச் சீட்டின் பாதியை என் மேசைமேல் வைத்தார். மெர்டேக்கா விளையாட்டரங்கம், 1996 அக்டோபர் 27, மைக்கல் ஜேக்சன் இசை நிகழ்ச்சி. “ஐயா, நீங்களுமா?” என்றார்.

நானுந்தான். ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இத்தகைய ஆரவாரங்களுக்கு வரலாறு என்று ஒன்று உண்டோ என்று அவர் வினவினார். உண்டு. அவ்வரலாறு பாடகனைக் காட்டிலும் கேட்போரைப் பற்றியது. ஐம்பதினாயிரம் பேர் ஓரிடத்தில் கூடினால் அவர்கள் எதைக் கேட்க முடியும், எதைக் காண முடியும், எவ்வாறு உயிருடன் வீடு திரும்ப முடியும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண முயன்ற வரலாறு அது.

விளையாட்டுத் திடலில் ராக் இசை ஒலித்தது முதன்முதல் எப்பொழுது என்று கேட்டால், பலரும் பீட்டில்ஸ் குழுவினரைச் சொல்வர். அது முற்றும் சரியன்று. 1956 அக்டோபரிலேயே எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவின் டல்லஸ் நகரில், காட்டன் பௌல் என்னும் பந்தாட்ட அரங்கில் ஏறத்தாழ 26,000 பேர் முன்னிலையில் பாடினார். எனினும் உலகோர் நினைவில் நிலைத்தது 1965 ஆகஸ்டு 15-ஆம் நாள்தான். நியூயார்க்கு நகரின் ஷே அரங்கம் பேஸ்பால் ஆட்டத்திற்கென்று கட்டப்பட்டு, திறக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. அங்கு அன்று கூடியோர் 55,600 பேர். சீட்டு வசூல் 304,000 டாலர். ஒரு ராக் இசை நிகழ்ச்சிக்கு அதற்கு முன் அத்துணைக் கூட்டமும் கூடியதில்லை; அத்துணைப் பணமும் சேர்ந்ததில்லை. ஏற்பாடு செய்தவர் சிட் பெர்ன்ஸ்டீன். அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியில் அவர் அதே நகரின் கார்னகி மண்டபத்தில் அதே நால்வரைப் பாட வைத்தவர். மூவாயிரம் பேருக்கும் இடம் போதாத அம்மண்டபத்தின் வாயிலில் சீட்டுக் கிடைக்காமல் நின்றவர்களின் கூட்டத்தைக் கண்ட வணிகர் ஒருவர், அடுத்தாற்போல் விளையாட்டரங்கத்தை நினைத்ததில் வியப்பில்லை.

இடம் கிடைத்தது. காது கொடுத்துக் கேட்கத்தான் வழி இல்லை. மேடை ஆடுகளத்தின் நடுவே தனித்து நின்றது. மக்களோ சுற்றிலும் படிக்கட்டு இருக்கைகளில் நெடுந்தொலைவில் இருந்தனர். கித்தார்களின் ஒலியைப் பெருக்க, அந்தப் பயணத்திற்கென்றே வாக்ஸ் நிறுவனம் செய்து தந்த 100 வாட் பெருக்கிகள் மேடையில் இருந்தன. இன்று ஒரு திருமண மண்டபத்தில் வைப்பதைக் காட்டிலும் குறைந்த ஆற்றல் அது. குரல்களோ, ஆட்டக்காரர்களின் பெயரை அறிவிப்பதற்காக அரங்கில் பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கிகள் வழியே சென்றன. கூட்டத்தின் கூச்சல் அவை அனைத்தையும் விழுங்கிற்று. பாடியவர்களுக்கே தம் குரல் கேட்கவில்லை. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பாடல்களைப் பாடிவிட்டு இறங்கினர்.

இங்கே வரலாற்று மாணவன் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நிகழ்ச்சி படமாக எடுக்கப்பட்டது. அதனைப் பார்ப்போர், பாடல்கள் ஓரளவு தெளிவாகவே கேட்கின்றனவே, கேட்கவில்லை என்பது மிகைக் கூற்றோ என்று ஐயுறலாம். 1966 ஜனவரியில் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நால்வரும் அமர்ந்து, படத்திற்காகப் பல பகுதிகளை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தனர் என்பதை அறிந்தால் ஐயம் நீங்கும். கண்ணால் காணும் சான்று மெய். காதால் கேட்கும் சான்று பின்னர்ச் செய்தது. வரலாற்றுப் பாடத்தில் சான்றுகளை ஒப்பிட்டு நோக்கக் கற்பிக்கும்போது இவ்வெடுத்துக்காட்டை நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. கல்வெட்டைச் சொன்னால் கொட்டாவி விடும் ஆறாம் ஆண்டுப் பையன்கள் இதற்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

மறு ஆண்டே, 1966 ஆகஸ்டு 29-இல், சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் பாடியதோடு பீட்டில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திக்கொண்டனர். தம் இசையைத் தாமே கேட்க முடியாத தொழிலை எவர்தான் விரும்புவர்?

அவர்கள் விட்டுச் சென்ற சிக்கலைத் தீர்த்தவர்கள் பாடகர்கள் அல்லர், ஒலிப்பொறியாளர்கள். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் நிற்பவனுக்குப் பாட்டு விநாடியில் பத்தில் மூன்று பங்கு காலம் பிந்தி வரும். அவனருகே இன்னோர் ஒலிபெருக்கியை நட்டு, மின்கம்பி வழியே அதே பாட்டை அனுப்பினால், அது உடனே ஒலித்துவிடும். பின்னால் மேடையின் ஒலி வந்து மோதும். ஒரு சொல் இருமுறை கேட்கும். கம்பி வழியே வரும் ஒலியை அவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்து பின்பு வெளியிடும் கருவி வேண்டும். 1973 ஜூலை 28-இல் நியூயார்க்கு மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்னும் மோட்டார் பந்தயத் திடலில் 600,000 பேர் கூடியதாகக் கணிக்கப்படும் நிகழ்ச்சியில் மின்னணுக் கருவிகளைக் கொண்டு இதைச் செய்து காட்டினர். அதன்பின் பேரரங்குகளில் தொலைவில் நிற்கும் ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கு இதுவே முறையாயிற்று.

கேட்க முடிந்ததும் கூட்டத்தின் இயல்பு மாறியது. ஷே அரங்கில் கூச்சலிட்ட கூட்டம், இருபது ஆண்டுகட்குப் பின் பாடும் கூட்டமாயிற்று. 1985 ஜூலை 13-இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் இருவரும் முன்னின்று நடத்திய ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சி, இலண்டன் வெம்பிளி அரங்கிலும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் ஒரே நாளில் நடந்து, துணைக்கோள் வழியே உலகெங்கும் ஒளிபரப்பாகியது. வெம்பிளியில் இருந்தோர் ஏறத்தாழ 72,000 பேர். குவீன் குழுவினருக்குக் கிடைத்தது இருபது நிமிடமே. அதன் பாடகர் பிரெடி மெர்க்குரி, சான்சிபாரில் பார்சிப் பெற்றோர்க்குப் பிறந்து, மகாராட்டிரத்துப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். பாட்டுக்கு இடையே அவர் சொல்லற்ற ஒலிகளை இழுத்துப் பாட, 72,000 பேரும் அவ்வாறே திருப்பிப் பாடினர். வகுப்பில் ஆசிரியர் முதலடி சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வது போன்றது அது. நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் சொல்ல வைக்க நாம் படும் பாட்டை எண்ணினால், அவருடைய திறமை நன்கு விளங்கும்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. 1979 டிசம்பர் 3-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ‘தி ஹூ’ குழுவின் நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் பதினொருவர், அரங்கின் வாயிலில் நெரிசலில் சிக்கி மாண்டனர். பெரும்பாலான சீட்டுகளில் இருக்கை எண் இல்லை, முந்தியவர்க்கே முன்னிடம். பல்லாயிரம் பேர் நெருக்கி நின்ற இடத்தில் திறந்த கதவுகளோ மிகச் சில. உள்ளே கேட்ட ஒலியை நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்று கருதிப் பின்னாலிருந்தோர் தள்ளினர். முன்னால் நடப்பதைப் பின்னால் நிற்பவன் அறிய வழியில்லை. அம்மாதமே அந்நகரம் எண்ணில்லா இருக்கை முறையைத் தடை செய்தது. 2004 வரை அத்தடை இருந்தது. இளைஞர்களின் வெறியே காரணம் என்று அப்பொழுது பலர் பேசினர். கதவைத் திறக்காதவனைப் பற்றிப் பேசியோர் குறைவு. இதைப் படித்த ஆண்டு முதல், எங்கள் பள்ளி விளையாட்டு விழா முடிந்து பெற்றோர் வெளியேறும்போது பின்வாயிலையும் திறந்து வைக்கச் சொல்லி வருகிறேன். தோட்டக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். எண்பதுகளின் இறுதியில் மலாய் ராக் இசை தோட்டத்து லயங்கள் வரை வந்து சேர்ந்தது. ‘சர்ச்’ குழுவினரின் ‘இசபெல்லா’ பாடல் 1989-இல் வெளிவந்தபோது, எங்கள் தோட்டத்தில் தமிழ்த் திரைப்பாட்டு ஒலித்த வீடுகளிலேயே அதுவும் ஒலித்தது. நீண்ட முடியும் இறுகிய சல்லடமுமாகத் திரிந்த ‘மாட் ரோக்’ இளைஞர்களுள் சுப்பையாக்களும் முனியாண்டிகளும் இருந்தனர். 1992-இல் நீண்ட முடி கொண்ட பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்று தடை வந்தபோது, அக்குழுவின் பாடகர் எமி தம் முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. எங்கள் தோட்டத்து முடிதிருத்துபவருக்கு அந்த வாரம் நல்ல வருமானம் என்று நினைவு.

இந்தப் பின்னணியில்தான் மைக்கல் ஜேக்சன் வந்தார். 1993-இல் சிங்கப்பூர்க் காலாங் தேசிய அரங்கில் அவர் பாடியபோது என்னால் செல்ல இயலவில்லை. 1996 அக்டோபர் 27, 29 ஆகிய இரு நாட்கள் மெர்டேக்கா அரங்கில் நிகழ்ச்சி என்றதும், புதிதாக வேலையில் சேர்ந்திருந்த நான், என் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தது. அப்பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்திருக்கலாம். அவரை ராக் பாடகர் என்பது பொருந்துமோ என்று புலவர்கள் வாதிடலாம். அன்று மேடையில் ஜெனிபர் பேட்டன் என்னும் பெண்மணி கித்தார் வாசித்ததைக் கேட்டிருந்தால் வாதிடமாட்டார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து அவர் ஒரு விரல் உயரமே தெரிந்தார். விண்கலம் போன்ற கூண்டொன்றிலிருந்து பொன்னும் வெள்ளியுமாக மின்னும் உடையில் வெளிவந்ததை, மேடையின் இருபுறமும் இருந்த பெருந்திரைகளில்தான் முழுதும் கண்டேன். பின்னர் மேடைமேல் ஒரு பீரங்கி வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய போர்வீரன் துப்பாக்கியை நீட்டி, பின் தாழ்த்தி, சிறுபெண் ஒருத்தி நீட்டிய மலரைப் பெற்றுக்கொண்டான். அருகே நின்ற சீன இளைஞர் ஒருவர் அழுதார். முன்பின் அறியாதவர். என் தோளைப் பற்றிக்கொண்டே அழுதார். முன்வரிசையினர் கை தட்டுவது கண்ணுக்கு முதலிலும் காதுக்குப் பிறகும் எட்டியதை அன்று கவனித்தேன். அதன் காரணத்தைப் பின்னாளில்தான் படித்து அறிந்தேன். நள்ளிரவுப் பேருந்தில் திரும்பி, திங்கட்கிழமை காலை மணி அடிக்குமுன் பள்ளியில் இருந்தேன்.

வீட்டில்தான் மணி வேறுவிதமாக அடித்தது. என் தந்தையார் பால்வெட்டித் திரும்பிக் கத்தியைச் செருகிவிட்டு, “எவ்வளவு குடுத்த?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தீபாவளி முடியும் வரையில் என்னோடு அதிகம் பேசவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய மௌனத்திற்குப் பணம் மட்டும் காரணமன்று என்று பின்னர் உணர்ந்தேன். 1957 ஆகஸ்டு 31-இல், பதினான்கு வயதுப் பையனாக, தோட்டத்து லாரியில் ஏறி அதே அரங்கிற்குச் சென்றவர் அவர். முந்திய நாள்தான் திறக்கப்பட்ட அரங்கம் அது. துங்கு அப்துல் ரகுமான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்துவிட்டுக் கை உயர்த்தி ஏழு முறை “மெர்டேக்கா” என்று முழங்கியபோது, இருபதினாயிரம் பேர் ஏழு முறையும் திருப்பி முழங்கினர். அந்த ஏழு முழக்கங்களில் ஒன்றில் தம் குரலும் உண்டு என்று, தோட்டத்தில் அவர் கதை சொல்லாத விருந்தினர் இல்லை. அந்த இடத்தில் போய் ஒருவன் ஆடுவதைப் பார்க்கப் பணம் கொடுத்தேன் என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பின்னாளில் கூட்டிக் கட்டிய மேலடுக்குகளை நீக்கி, 1957-இல் இருந்த வடிவிற்கே அரங்கத்தைப் புதுப்பித்தனர். அப்பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகட்குப் பின் ஒரு பள்ளி விடுமுறையில் தந்தையாரை அங்கு அழைத்துச் சென்றேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு படிகளை எண்ணி, தாம் நின்ற இடம் இதுதான் என்று ஓரிடத்தில் நின்றார். நெடுநேரம் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பய எந்தப் பக்கம்டா நின்னு ஆடினான்?” என்றார். கை நீட்டிக் காட்டினேன். தொலைவைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, அவ்வளவு தூரத்தில் நின்று என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்டுச் சிரித்தார்.